மிக்தாலியா சுமந்துபோன கடல்

அம்மாவும் மகனும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டியது.

இரண்டு வீடு தள்ளியிருந்த எனெய்தா வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, நெட்வொர்க் பெட்டி இருந்தது. ஆறு வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் பெட்டி. மழை தொடங்குவதற்குள் அதற்கு ஒரு கூரை வேண்டும். மிக்தாலியா டப்பாவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஓஸ்மானி கம்பியைச் சுற்றி முறுக்கினான்.

"இன்னும் இறுக்குடா. ஒரு காத்து அடிச்சா டப்பா மியாமிக்குப் போயிடும்."

"போகட்டும். அதுகிட்டயாவது விசா கேக்க மாட்டாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். பெட்டிக்குச் சற்று முன்னால், அம்மா வீட்டிலிருந்து வரும் கேபிளில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு தெரிந்தது. இது என்ன என்று ஓஸ்மானி கேட்டான்.

"மழைத்தண்ணி இறங்குச்சு. சுத்தி வச்சிருக்கேன். நோண்டாதே."

அவன் நோண்டவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நீ போ, நான் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை மிக்தாலியா ரொட்டிக்கடைக்குப் போனாள். சாந்தோஸ் சுவாரெஸ் பேட்டையில் எல்லோரும் கேட்பதைப் போல "யார் கடைசி?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள். ஒரு கிழவர் கையைத் தூக்கினார். சரி, உங்களுக்குப் பின்னால் நான் என்று சொல்லிவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வரிசை நகர்ந்தபோது அந்தக் கிழவர்தான் திரும்பிப் பார்த்தாராம். அடுத்து உங்கள் முறை என்று சொல்வதற்காக.

ஓஸ்மானிக்கு அவளுடைய கைப்பையை மருத்துவமனையில் கொடுத்தார்கள். வாங்கிக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினான். திறக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஊர்க்கோடியில் ஆலமாரில் இருந்த தன் வீட்டுக்கு அவன் திரும்பவில்லை. அம்மா வீட்டிலேயே தங்கினான். வேலைபார்க்கும் மருத்துவ நிலையத்தில் விடுப்புச் சொன்னான். அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது அவன்தான். அவன் தங்கியதற்குக் காரணம், அம்மா பாதியில் விட்டுப்போன படம்.

மிக்தாலியா இருபது வருடங்களுக்கு மேல் அரசாங்கத் திட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவள். பெரும்பாலும் கிடங்குகள். ஜன்னல் இல்லாத கிடங்குகளையே வரைந்து வரைந்து, ஒருநாள் ஒரு உருளைக்கிழங்குக் கிடங்குக்கு வட்ட ஜன்னல் வைத்து, அதன் வழியாக வெயில் விழுவதுபோல் நிழலும் போட்டுக் கொடுத்தாள். மேலதிகாரி கூப்பிட்டார். "உருளைக்கிழங்குக்கு எதுக்கும்மா வெயில்?" முளைவிட்டுவிடும் என்று அவளுக்கும் தெரியும். ஜன்னலை அழித்தாள். ஆனால் வெயில் போடும் ஆசை அழியவில்லை. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் கற்றுக்கொண்டவளும் அவள்தான். ஓய்வு பெற்றபின் அனிமேஷன் படங்களுக்கு ஒளி அமைக்கத் தொடங்கினாள். "இந்த ஊர்ல பஞ்சமே இல்லாத சரக்கு வெளிச்சம் ஒண்ணுதான். அதைத்தான் நான் விக்கிறேன்" என்பாள்.

அப்படித்தான் லியுபாவோடு சேர்ந்தாள். லியுபா படத்தின் இயக்குநர். சத்தமாகப் பேசுகிறவள், காத்திருக்கத் தெரியாதவள். குழந்தைகளுக்கான சின்னப் படம் அது. ஒரு நண்டு வீடு மாறுகிறது. கடைசிக் காட்சியில் நண்டு கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்க வேண்டும். அந்தக் கடலுக்கு ஒளி அமைக்க மிக்தாலியா கடற்கரைக்குப் போகவில்லை. கொல்லையில் துணி அலசும் தகர வாளியில் தண்ணீர் பிடித்து, வெவ்வேறு நேரங்களில் அதன் முன்னால் குந்தியிருந்தாள். வாளியின் அடியில் வெயில் நெளிவதைப் பார்த்துப் பார்த்து அதைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்தாள்.

ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்துநான்கு சித்திரங்கள். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டும். ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பினால் நண்டு அடுத்த வருடம்தான் தண்ணீரைத் தொடும். அதனால்தான் ஆறு வீடுகள். யார் வீட்டில் கொஞ்சம் தெம்பான இயந்திரம் இருக்கிறதோ அவர்களைக் கேட்டு, மொட்டைமாடி வழியாகக் கேபிள் இழுத்து, வேலையைப் பங்கு போட்டாள். கேபிளை இழுத்தது ஓஸ்மானி. பனாமாவுக்குப் போய்வந்த ஒருவர் மூலம் புதுப் பெட்டியை வரவழைத்து மாட்டியதும் அவன்தான். பழையதைவிடப் பத்து மடங்கு வேகம். மாட்டிய அன்று பெட்டியில் விளக்கு எரிந்தது. அது போதும் என்று இறங்கி வந்துவிட்டான். எப்படி அம்மா இருக்கிறது என்று மறுவாரம் கேட்டபோது, "பறக்குதுடா" என்றாள்.

இப்போது பறக்கவில்லை.

முன்பெல்லாம் அரைமணிக்குள் வந்துவிழுந்த ஒரு சித்திரம் இப்போது அரைநாள் எடுத்தது. ஆறு இயந்திரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் வெளியே வந்தது சொற்பம்.

லியுபா வந்து நின்றாள். கையில் ஹெல்மெட்.

"வெள்ளிக்கிழமை தொலைக்காட்சிக்குக் குடுக்கணும் ஓஸ்மானி. தள்ளிப் போடுங்கன்னு கேட்டுட்டேன். அழுதும் பாத்துட்டேன். நடக்கல."

"காட்சி கனமா இருக்கு. கடல் வேற."

"இதுக்கு முந்தின காட்சியிலயும் கடல்தான். உங்கம்மா மூணே நாள்ல எடுத்துக் குடுத்தா."

"பாக்கறேன்."

"பாரு. வரலேன்னா கடலை வெட்டிடுவேன். நண்டு கரையில நிக்கறதோட முடிச்சிடுவேன். எனக்கு மட்டும் ஆசையா என்ன? அவ கடைசியா வெளிச்சம் போட்டது இதுதான்னு எனக்குத் தெரியாதா?" ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

ஓஸ்மானி முறையாகத்தான் தேடினான். காற்றாடிகளின் தூசியைத் தூரிகையால் தட்டினான். சூடேறி வேகம் குறைகிறதா என்று பார்த்தான், இல்லை. வைரஸ் தேடினான், இருந்தது, அழித்தான், ஒன்றும் மாறவில்லை. நினைவகத்தை மாற்றிப் போட்டான். மின்சார அடுப்புகளில் அரிசி வேகிற நேரத்தில் தெருவெங்கும் மின்சாரம் துவண்டுபோகும், அதுவாக இருக்குமோ என்று மின்னழுத்தத்தை அளந்தான். அதுவும் இல்லை. பிறகு ஒவ்வொரு இயந்திரமும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தான். அம்மா வீட்டு இயந்திரத்தைத் தவிர மற்ற ஐந்தும் ஒன்றுமே செய்யவில்லை. கணக்குப் போட வேண்டிய மூளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதற்கோ காத்திருந்தது. கடலின் நீர்ப்பரப்பு, மணல், நுரை ஆகியவற்றின் பெரிய கோப்புகள் எல்லாம் அம்மா வீட்டு இயந்திரத்தில் இருந்தன. மற்ற ஐந்தும் அங்கிருந்து கேபிள் வழியாக இழுத்தாக வேண்டும். இழுத்து முடிப்பதற்குள் நாள் போய்விடுகிறது.

அப்படியானால் கேபிள். ஆனால் கேபிள் அவனுடையது. பெட்டியும் அவனுடையது. அதை அவன் கடைசியாகத்தான் சந்தேகித்தான்.

பக்கத்து வீட்டு நொர்கா வழியை மறித்தாள். தலையில் சுருட்டை உருளைகள், கையில் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம்.

"என் உயிரே, ஒரு வார்த்தை. தொடர்ல, நாப்பதாவது பாகத்துல, அந்தத் துருக்கிக்காரி மாடிப்படியில உருண்டா. செத்தாளா பொழச்சாளா?"

"எனக்கு எப்படித் தெரியும் நொர்கா?"

"உங்கம்மா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு திங்களும் டிரைவை எடுத்துட்டு வருவா. தொடரை ஏத்துவா. ஒரு காபி குடிப்பா. ஒன்பது மணிக்குள்ள அஞ்சு வீட்டுல அஞ்சு காபி. இதயம் எப்படித் தாங்கும்னு நான் சொன்னேன். கேட்டாளா?" கண்ணைத் துடைத்தாள். "எல்லாரும் தவிச்சிக் கெடக்கோம் ராசா. மிஷினுங்களும்தான். அவ போனதிலேருந்து என் வீட்டு மிஷினுக்கு முனகல்கூடக் கிடையாது. துக்கம் காக்குது."

"மிஷின் துக்கம் காக்காது."

"உனக்கு எல்லாம் தெரியும், படிச்சவன்" என்றாள் நொர்கா. "சரி, துருக்கிக்காரிக்கு என்ன ஆச்சு சொல்லு."

அவன் அவளைத் தாண்டி ஏணியில் ஏறினான்.

நொர்காவின் கூரையைக் கடந்து எனெய்தா வீட்டு மொட்டைமாடிக்குப் போனான். பெட்டியின் ஒரு துளையில் மடிக்கணினியின் ஒயரைச் செருகி, அம்மா வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை இழுக்கவிட்டு வேகத்தைப் பார்த்தான். வரவேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. பழைய பெட்டியின் வேகம். அதைத்தான் மற்ற ஐந்து வீடும் பிய்த்துப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. வெயில் முதுகில் ஏறியது. எங்கோ ஒரு சேவல் நேரம் கெட்டுக் கூவியது.

அப்போது கீழே எனெய்தா வீட்டில் தொலைபேசி அடித்தது.

திரையில் கோப்பு நின்றது. பெட்டியில் விளக்கு அணைந்தது. மணி ஓய்ந்தது, விளக்கு எரிந்தது. மறுபடி மணி, மறுபடி அணைந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை. ஓஸ்மானி பெட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே எனெய்தா தொலைபேசியை எடுத்து "என் கண்ணு!" என்று கத்தியதும் விளக்கு நிலையாக எரிந்தது.

அவன் கறுப்பு டேப் முடிச்சைக் கத்தியால் கீறினான்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்க வேண்டும். இருந்தன. நான்கு நேராகப் பெட்டிக்குப் போயின. மற்ற நான்கும் அறுக்கப்பட்டிருந்தன. அவற்றில் இரண்டு ஒரு மெல்லிய தொலைபேசி ஒயரோடு முறுக்கப்பட்டு, சுவரோரமாக இறங்கி எனெய்தாவின் ஜன்னலுக்குள் நுழைந்தன. மிச்சம் இரண்டும் மடக்கிச் சுருட்டப்பட்டிருந்தன, பின்னால் யாருக்காவது தேவைப்படும் என்பதைப் போல. கேபிளைத் தடவிக்கொண்டே திரும்பி நடந்தான். நொர்கா வீட்டுக் கைப்பிடிச் சுவரில், காகிதப்பூச் செடிக்குப் பின்னால், இன்னொரு முடிச்சு. தெருக்கம்பத்திலிருந்து வரும் தொலைபேசி ஒயர் அங்கே கேபிளுக்குள் நுழைந்திருந்தது.

முறுக்கு சுத்தமாக இருந்தது. வரைபடக்காரியின் கை.

புதுப் பெட்டி முழு வேகத்தில் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும். நான்குதான் கிடைக்கிறது என்றால் முனகாமல் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். அதுதான் நடந்திருக்கிறது. இன்று நேற்றல்ல, மாட்டிய நாளிலிருந்தே. பறக்குதுடா என்று சொன்ன நாளிலிருந்தே.

சரிசெய்வதற்குச் சிரமமே இல்லை. தொலைபேசி ஒயரை வெட்டிவிட்டு நான்கு கம்பிகளையும் இரண்டு இடத்திலும் திரும்பச் சேர்க்க வேண்டும். சமைக்கிற நேரம்கூட ஆகாது. கடல் வந்துவிடும். புதுக் கேபிள் வாங்கலாம் என்றால் அந்த நீளத்துக்கு ஊரில் எங்கேயும் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் நிச்சயமாகக் கிடையாது. அவன் எனெய்தா வீட்டுப் பக்கம் திரும்பி வந்து, கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான்.

ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "மத்தியானம் என்ன சாப்பிட்ட? ... அது ஒரு சாப்பாடா? அந்தத் தீவுல அவரைக்கொட்டைகூடக் கெடைக்காதா? ... நான் நல்லாத்தான் இருக்கேன். நடக்கறேனா? ஓடறேன்!"

எனெய்தா இடுப்பு முறிந்து படுத்தே பல மாதங்கள் ஆகின்றன. தெருவுக்கே தெரியும்.

குறடு கையில் இருந்தது. பேச்சு முடியும்வரை நின்றான். அது முடிய நேரமாயிற்று. தொலைபேசியை வைக்கும் சத்தம் கேட்டது.

"மாடியில யாருடா? திருடனா?"

"நான்தான் எனெய்தாம்மா. ஓஸ்மானி."

"திருடனா இருந்தா எறங்கி வந்து ஒரு காபி போடு. நீயும் குடி, எனக்கும் குடு. பால் எல்லாம் தேடாதே."

இறங்கினான். காபி போட்டான். அவள் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புத் தொலைபேசி. காலடியில், மேசைமேல், படத்துக்காக ஓடும் கம்ப்யூட்டர். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குறட்டைப் பார்த்தாள்.

"கண்டுபுடிச்சிட்ட."

"இதை யார் செஞ்சது?"

"வேற யாரு? புயல்ல என் ஒயர் அறுந்துச்சு. எழுதிக் குடுத்தோம். இதோ வர்றோம்னாங்க. இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. என் மக கடல் தாண்டி தெனெரிஃபே தீவுல வயசானவங்களைக் குளிப்பாட்டுற வேலை பாக்குறா. வேலை முடிஞ்சதும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவா. மூணு வாரமா நான் எடுக்கலைன்னதும், செத்துட்டேன்னு நெனச்சி பிளேன் டிக்கெட் கேக்கப் போயிட்டா. உங்கம்மா மறுநாளே கத்தியோட மாடிக்குப் போனா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பனாமாப் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கிட்டு வந்தியாமே. 'அம்மா, இனிமே பத்து மடங்கு'ன்னு. 'அந்த மூஞ்சியைப் பாத்து எப்படி எனெய்தா சொல்றது, நீயே சொல்லு'ன்னு இதோ, இந்த நாற்காலியில உக்காந்து கேட்டா. நான் என்ன சொல்ல? எனக்கு ஃபோன் வேணும். வாயை மூடிக்கிட்டேன்."

ஓஸ்மானி காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். "பாதிக் கம்பியில அவ எப்படி வேலை முடிச்சா? போன காட்சி மூணே நாள்ல வந்துச்சே."

"அது எனக்கு எப்படித் தெரியும்? திங்கக்கிழமை வருவா. தொடர் ஏத்துவா. ஏத்திக்கிட்டே இருப்பா, ஏத்திக்கிட்டே இருப்பா. ஒரு துருக்கித் தொடருக்கு இவ்வளவு நேரமாடின்னு கேப்பேன். 'கடலையும் சேத்து ஏத்துறேன்'னுவா. பாவம், வயசாயிடுச்சு, உளறுறாள்னு விட்டுட்டேன்."

அவன் எழுந்து மேசையிலிருந்த கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். சேமிப்பு வட்டைத் திறந்தான். தொடரின் பாகங்கள் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே, காட்சிவாரியாக, படத்தின் பெரிய கோப்புகள். கரை. பாறை. முந்தின காட்சியின் கடல். எல்லாம் இங்கேயே. முதலில் இந்த வட்டில் தேடு, இல்லாவிட்டால் மட்டும் எங்கள் வீட்டில் கேள் என்று இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருந்தாள். கேபிளில் போனது வெறும் உத்தரவும் திரும்பி வந்த சித்திரமும்தான். அதற்கு நான்கு கம்பியே அதிகம். கனத்தையெல்லாம் அவள் கால் சுமந்திருந்தது. வீடு வீடாக, தொடரோடு சேர்த்து.

கடைசிக் காட்சியின் கடல் மட்டும் அதில் இல்லை.

எனெய்தா பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள். "வெட்டிடுவியா?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லு. வெட்டறதுன்னா நாளன்னிக்கு வெட்டு. நாளைக்கு என் பேத்தி பொறந்தநாள்."

"வெட்டலை எனெய்தாம்மா. டேப் இருக்கா?"

இருந்தது, மருந்துப் பெட்டியில். மாடிக்குப் போய், ஒயரோடு சேர்த்து முன்பிருந்ததைவிடத் தடிமனாகச் சுற்றினான். பிறகு வீட்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த கைப்பையைத் திறந்தான். ரேஷன் புத்தகம், ரொட்டிக்கான துணிப்பை, ஒரு சீப்பு, மாத்திரை அட்டை. அந்த மாத்திரைகளை அவன் மருத்துவ நிலையத்தில் பார்த்திருக்கிறான். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைப்பது. அவள் அதைச் சாப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. அட்டையில் பாதிக்குமேல் காலி.

அடியில் டிரைவ் இருந்தது.

செருகிப் பார்த்தான். துருக்கித் தொடர், நாற்பத்தொன்றாவது பாகத்திலிருந்து. பக்கத்தில் கடல், முழுதாக. ரொட்டி வாங்கிக்கொண்டு அப்படியே வீடு வீடாகப் போகக் கிளம்பியிருக்கிறாள்.

அவன் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

நொர்கா கதவைத் திறந்ததும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். "கொண்டு வந்துட்டியா! உள்ள வா, உள்ள வா. காபி?" வேண்டாம் என்று சொல்லப் போனவன் சரி என்றான். கடல் ஏறும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மிக்தாலியா தன் கல்யாணத்தன்று புகைப்படக்காரனைத் தள்ளிவிட்டு, வெளிச்சம் பின்னாலிருந்து வரக்கூடாது என்று மாப்பிள்ளையையே திருப்பி நிற்க வைத்தாளாம். ஓஸ்மானி கேட்டறியாத கதை. ஏறி முடிந்ததும் மேசைக்கடியில் காற்றாடி இரைந்து எழுந்தது. பல நாளாகக் கேட்காத இரைச்சல்.

"இதோ! துக்கம் விட்டுச்சு" என்றாள் நொர்கா. இந்தத் தடவை அவன் மறுத்துப் பேசவில்லை.

எனெய்தா வீடு. செருப்புத் தைப்பவரின் வீடு. இரட்டைச் சகோதரிகளின் வீடு. எல்லா இடத்திலும் காபி, எல்லா இடத்திலும் அவனுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. சாயங்காலத்துக்குள், அம்மாவுடையதையும் சேர்த்து, ஐந்து இயந்திரங்கள் முழு மூச்சில் ஓடின. தெருவோரத்தில் நின்று மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தான். ஐந்தும் இரவுபகலாக ஓடினாலும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கடைசி அலை வராது. ஆறாவதும் வேண்டும். அதுதான் இருப்பதிலேயே பலமானது. முடிதிருத்தும் யோஸ்வானியின் இயந்திரம், மூலைக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில்.

கட்டிடத்துக்குக் கீழே நின்று கூப்பிட்டான். பால்கனியில் யோஸ்வானி எட்டிப் பார்த்தான். வாயில் சீப்பு. அவனைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கயிற்றை எடுத்து வந்து, நுனியில் கட்டிய நைலான் பையைக் கீழே இறக்கினான்.

"என்ன மச்சான் இது?"

"டிரைவைப் போடு! அப்படித்தானே குடுப்பாங்க!"

"யாரு?"

"உங்கம்மா! ரெண்டு மாசமா அப்படித்தான்! பையில போடுவாங்க, நான் இழுத்துக்குவேன். எதை எங்க காப்பி பண்ணணும்னு கீழே நின்னு கத்துவாங்க. தெருவுக்கே மனப்பாடம்!"

சைக்கிளில் பழம் விற்றுக்கொண்டு போனவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "கடலை நுரைக்குப் பக்கத்துல போடுடா கழுதை!" என்று அவள் குரலிலேயே கத்திக் காட்டிவிட்டுப் போனார்.

ஓஸ்மானி சிரிக்கவில்லை. பை அவன் நெஞ்சுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் ஏறி வரமாட்டாங்க?"

யோஸ்வானி சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். "மூட்டுவலின்னாங்க" என்றான், சத்தத்தைக் குறைத்து. "ஆனா இந்தத் தடவை கயிறு வேணாம், நானே ஏறி வர்றேன்னு சொல்லியிருந்தாங்க. நிதானமா, ஒவ்வொரு மாடியிலயும் உக்காந்து வருவேன்னாங்க. திங்கக்கிழமை கடைக்கு லீவு விட்டுட்டு உக்காந்திருந்தேன். அப்புறம்தான் சேதி வந்துச்சு."

"எதுக்கு ஏறி வரணும்?"

"எங்கிட்டதான் நல்ல திரை இருக்கு. அவங்களோடது பழசு, மஞ்சளடிச்சுப் போச்சுல்ல. கடல்ல பச்சை தூக்கலா இருக்கோன்னு ஒரு சந்தேகமாம். முதல் சித்திரம் வர்ற வரைக்கும் கூடவே இருந்து, தன் கண்ணால பாத்துட்டு, அதுக்கப்புறம்தான் மிச்சத்தை ஓட விடணும்னாங்க."

ஓஸ்மானி பையை விட்டுவிட்டுப் படியேறினான். இருட்டான படி. கைப்பிடி பாதி உடைந்திருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு வைத்திருந்தார்கள். அவன் அதில் உட்காராமல் தாண்டிப் போனான்.

யோஸ்வானி திரையைத் துடைத்து வைத்திருந்தான். கடல் ஏறியது. காற்றாடி வேகமெடுத்தது. இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கறுப்புத் திரையில் மேல்மூலையிலிருந்து சின்னச் சின்னச் சதுரங்களாகச் சித்திரம் நிரம்பத் தொடங்கியது. வானம். பாறையின் விளிம்பு. அப்புறம் தண்ணீர், ஒவ்வொரு சதுரமாக.

"எப்படிடா?" என்றான் யோஸ்வானி. "பச்சை ஜாஸ்தியா?"

ஓஸ்மானிக்கு நெட்வொர்க் தெரியும். கம்பிகளின் நிற வரிசை தெரியும். தண்ணீருக்கு எவ்வளவு பச்சை வேண்டும் என்று தெரியாது. வாளியின் முன்னால் அவள் எதைப் பார்த்தாள் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து, நிரம்பும் சதுரங்களைப் பார்த்தான்.

"முழுசா வரட்டும்" என்றான்.